கடைவாய்ப் பல் அடைப்பும் ஆய்வகமும்: கூட்டுப்பிசின் சோதனைகளின் வரலாறு

சொத்தை விழுந்த பல்லைச் சுத்தம் செய்து அடைப்பதற்குப் பயன்படும், பல்லின் நிறம் கொண்ட பொருள் கூட்டுப்பிசின் எனப்படும். பல் மருத்துவர்கள் இதைக் 'காம்போசிட்' என்றே சொல்வர். இறுகக்கூடிய பிசின், அதனுள் நெருக்கமாகக் கலந்த கண்ணாடி அல்லது சிலிக்காத் துகள்கள், இரண்டையும் பிணைக்கும் சிலேன் என்னும் மெல்லிய பூச்சு ஆகிய மூன்றும் சேர்ந்ததே இப்பொருள்.

1960களில் விற்பனைக்கு வந்த கூட்டுப்பிசின் முன்பற்களில் விரைவில் இடம்பிடித்தது. உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்களில் அதை நம்பிப் பயன்படுத்த ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. அந்தக் காலத்தில் பொருளும் மாறியது, அதைச் சோதிக்கும் முறையும் மாறியது. ஆய்வகத்தில் நன்றாகத் தேறிய பொருள் வாய்க்குள் தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்தே புதிய சோதனைகள் பிறந்தன.

இது வெறும் பொறியியல் சிக்கல் அன்று. ஓர் அடைப்பு கெட்டுப்போனால் அதைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல பல்லிலும் சிறிது பறிபோகும், குழி பெரிதாகும், பல் பலவீனப்படும். தவறான சோதனையை நம்பி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால், அதன் விலையை நோயாளியின் பல்தான் கொடுக்கிறது.

கடைவாய்ப் பல் என்னும் கடினமான இடம்

முன்பல் உணவைக் கடிக்கிறது, கடைவாய்ப் பல் அரைக்கிறது. அங்கே ஒருவரால் பல நூறு நியூட்டன் விசையுடன் கடிக்க முடியும். ஆண்டொன்றுக்கு லட்சக்கணக்கான முறை பல்லும் பல்லும் அல்லது பல்லும் உணவும் உரசுகின்றன. சூடான காப்பிக்குப் பின் குளிர்ந்த நீர் வரும்போது வெப்பநிலை சட்டென மாறுகிறது. உமிழ்நீர் எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கிறது. நுண்ணுயிரிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பவை. ஆய்வகமோ ஒரு நேரத்தில் ஒன்றை அல்லது இரண்டைத்தான் அளக்க முடியும். எதை அளப்பது என்பதே இத்துறையின் முதற்கேள்வி.

இரசக்கலவை தந்த முதல் அளவுகோல்

கூட்டுப்பிசினுக்கு முன்னர்க் கடைவாய்ப் பல்லை அடைக்கப் பெரும்பாலும் பயன்பட்டது இரசக்கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்துடன் பிசைந்து செய்யப்படும் இப்பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வழக்குக்கு வந்துவிட்டது. தொடக்ககாலக் கலவைகள் ஒரே தரத்தில் இல்லை. சில இறுகும்போது சுருங்கின, சில விரிந்தன. அமெரிக்காவில் 1840களில் பல் மருத்துவர் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உறுதிமொழி கேட்கும் அளவுக்குச் சர்ச்சை முற்றியது.

முடிவில் சர்ச்சையைத் தணித்தது அளவீடு. 1890களில் ஜி. வி. பிளாக் கலவையின் விகிதத்தையும் விரிவையும் முறையாக ஆராய்ந்தார். 1919இல் அமெரிக்க ராணுவம் தான் வாங்கும் இரசக்கலவைகளின் தரத்தை மதிப்பிடும்படி தேசியத் தரநிர்ணயப் பணியகத்தைக் கேட்டது. அங்கே இயற்பியலாளர் வில்மர் சூடர் இப்பணியை மேற்கொண்டார். 1928இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அப்பணியகத்துடன் இணைந்து ஆய்வு நடத்தத் தொடங்கியது. ஒரு பல் பொருள் சந்தைக்கு வருமுன் எந்தெந்தச் சோதனைகளில் தேற வேண்டும் என்று எழுதிவைக்கும் மரபு இவ்வாறு வேர்விட்டது. பிற்காலத்தில் கூட்டுப்பிசின் பிறந்ததும் இதே பணியகத்தில்தான்.

ஒழுகும் ஓரம்

பல்லின் நிறத்தில் அடைப்பதற்கு அக்காலத்தில் இருந்தவை சிலிக்கேட் சிமெண்டும், பின்னர் வந்த அக்ரிலிக் பிசினும். சிலிக்கேட் எளிதில் உடையும், வாயில் மெல்லக் கரையும். அக்ரிலிக் கரையாது, ஆனால் இறுகும்போது வெகுவாகச் சுருங்கும். சூடுபட்டால் பல்லைவிடப் பலமடங்கு விரியும்.

இதன் விளைவை 1952இல் நெல்சன், வோல்காட், பாஃபன்பார்கர் ஆகிய மூவரும் மிக எளிய சோதனையால் காட்டினர். அடைக்கப்பட்ட பிடுங்கிய பற்களைப் பனிக்கட்டி நீரில் குளிரவைத்தனர். வெளியே எடுத்துத் துடைத்து, விரல்களின் சூட்டில் பிடித்துக்கொண்டு நுண்ணோக்கியால் பார்த்தனர். அடைப்பின் ஓரத்திலிருந்து சிறு நீர்த்துளிகள் கசிந்து வந்தன. குளிரும்போது அடைப்பு சுருங்கி நீரை உள்ளே விடுகிறது, சூடாகும்போது விரிந்து அதை வெளியே தள்ளுகிறது. உயிருள்ள வாயில் அந்த நீருடன் நுண்ணுயிரிகளும் உள்ளே போகும். ஒரு பொருள் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், ஓரம் மூடாவிட்டால் அடைப்பு நிலைக்காது என்பது இதனால் தெளிவாயிற்று.

பௌவனின் பிசின்

இரண்டு கண்டுபிடிப்புகள் இந்த இக்கட்டுக்கு வழிகாட்டின. 1955இல் மைக்கேல் புவனகோர், எனாமலின் மேற்பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் அக்ரிலிக் அதை இறுகப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார். 85 விழுக்காடு அமிலத்தை அவர் பயன்படுத்தினார். அமிலம் எனாமலில் நுண்குழிகளை உண்டாக்குகிறது, பிசின் அவற்றுள் இறங்கி இறுகிக் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. இன்றும் கூட்டுப்பிசின் எனாமலைப் பற்றி நிற்பது இந்த முறையால்தான்.

மற்றது ரஃபேல் பௌவனுடையது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் சார்பில் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தில் ஆய்வு செய்த அவர், 1950களின் பிற்பகுதியில் முதலில் எப்பாக்சிப் பிசினை முயன்றார். அது குறைவாகச் சுருங்கியது, ஆனால் நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க முடியாத அளவுக்கு மெதுவாக இறுகியது. எனவே நடுப்பகுதி எப்பாக்சிபோல் பருத்தும், இரு முனைகள் அக்ரிலிக்போல் விரைந்து இணைவனவுமாக ஒரு புதிய மூலக்கூறை உருவாக்கினார். அதுவே பிஸ்-ஜி.எம்.ஏ. மூலக்கூறு பெரிதானதால் சுருக்கம் குறைந்தது. அதனுடன் சிலேன் பூசிய சிலிக்காத் துகள்களைப் பெருமளவில் கலந்தார். துகள்கள் சுருங்குவதில்லை என்பதால் மொத்தச் சுருக்கமும் வெப்ப விரிவும் மேலும் குறைந்தன. 1962இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பல நிறுவனங்கள் இதைப் பசையாக விற்கத் தொடங்கின.

எண்கள் சொன்னதும் வாய் சொன்னதும்

ஆய்வக எண்கள் ஊக்கம் தந்தன. அமுக்க வலிமை, கடினத்தன்மை, கரைதிறன், வெப்ப விரிவு ஆகியவற்றில் கூட்டுப்பிசின் அக்ரிலிக்கையும் சிலிக்கேட்டையும் விஞ்சியது. அப்படியானால் கடைவாய்ப் பல்லிலும் இரசக்கலவைக்கு மாற்றாகலாமே என்ற எண்ணம் எழுந்தது.

இதை நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தவர்களுள் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிலிப்ஸ் குழுவினர் முக்கியமானவர்கள். கடைவாய்ப் பற்களில் கூட்டுப்பிசின் அடைப்புகளை வைத்து, இரசக்கலவையுடன் ஒப்பிட்டு ஆண்டுதோறும் கவனித்தனர். 1971இல் வெளியான ஓராண்டு அறிக்கை நம்பிக்கையளித்தது. 1972, 1973 ஆண்டுகளில் வந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டு அறிக்கைகள் வேறு கதை சொன்னன. கூட்டுப்பிசின் தேய்ந்து தன் வடிவத்தை இழந்துகொண்டிருந்தது. ஓராண்டோடு ஆய்வை நிறுத்தியிருந்தால் தவறான முடிவே பதிவாகியிருக்கும்.

வலிமையான பொருள் ஏன் தேய்ந்தது? அக்காலப் பொருள்களில் பல மைக்ரோமீட்டர் அளவுள்ள பெரிய குவார்ட்சுத் துகள்கள் இருந்தன. கடினத்தன்மைச் சோதனையில் துகளின் கடினம் எண்ணை உயர்த்திக் காட்டியது. வாயில் தேய்ந்ததோ துகள்களுக்கு இடையே இருந்த மென்மையான பிசின். பிசின் தேயத் தேயத் துகள் வெளியே துருத்தியது. பிடிப்பு இழந்ததும் பெயர்ந்து விழுந்தது. அமுக்கிப் பார்த்த சோதனை எதுவும் இதைக் கேட்கவே இல்லை.

தேய்மானத்தை எப்படி அளப்பது?

வாய்க்குள் இருக்கும் அடைப்பை மதிப்பிடுவதற்கே பொதுவான முறை வேண்டியிருந்தது. 1971இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறையைச் சேர்ந்த ஜான் சிவாரும் குன்னர் ரிகேயும் வகுத்த அளவுகோல் பரவலாயிற்று. நிறம், ஓரம், வடிவம் முதலியவற்றைத் தனித்தனியே பார்த்து ஆல்ஃபா, பிராவோ, சார்லி எனத் தரமிடுவது அம்முறை. ஆல்ஃபா என்றால் குறையில்லை, சார்லி என்றால் மாற்ற வேண்டும். பலரும் ஒரே மொழியில் பேச இது உதவியது. ஆனால் கண்ணுக்குத் தெரியுமளவு தேய்ந்த பிறகே இது தேய்மானத்தைக் காட்டும்.

1980களில் கார்ல் லைன்ஃபெல்டரின் குழுவினர் மறைமுக முறை ஒன்றை வழக்குக்குக் கொண்டுவந்தனர். நோயாளியின் பல்லை அச்செடுத்துச் சாந்தில் வார்ப்பார்கள். அடைப்பின் ஓரத்தில் எனாமல் படிபோல் எவ்வளவு வெளித்தெரிகிறது என்பதை, 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் முன்பே செய்துவைத்த மாதிரி வார்ப்புகளுடன் ஒப்பிடுவார்கள். 100 மைக்ரோமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். இதனால் தேய்மானம் முதன்முறையாகப் பலரும் ஒப்பிடக்கூடிய எண்ணாயிற்று.

இதே காலத்தில் வேதியியலும் சேர்ந்துகொண்டது. தேசியத் தரநிர்ணயப் பணியகத்தின் ஊவும் மெக்கின்னியும் 1982இல், சில திரவங்களில் ஊறிய கூட்டுப்பிசின் மென்மையாகி வேகமாகத் தேய்வதைக் காட்டினர். குறிப்பாக 75 விழுக்காடு எத்தனால் கலந்த நீர், பிஸ்-ஜி.எம்.ஏ. பிசினைப் பெரிதும் இளக்கியது. வாயிலிருந்து எடுக்கப்பட்ட பழைய அடைப்புகளிலும் மேற்பரப்புக்கு அடியில் சேதமடைந்த படலம் இருப்பது பின்னர் தெரியவந்தது. உரசல் மட்டுமே தேய்மானத்துக்குக் காரணம் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது.

மெல்லும் இயந்திரங்கள்

நோயாளியிடம் மூன்றாண்டு காத்திருந்து ஒரு பொருள் மோசம் என்று அறிவது மெதுவான வழி, நியாயமான வழியும் அன்று. வாயின் வேலையை ஆய்வகத்திலேயே விரைவாக நடத்திப் பார்க்கும் இயந்திரங்கள் தேவைப்பட்டன.

மின்னசோட்டா: 1983இல் டிலாங், டக்லஸ் இருவரும் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேர்ந்து அசைவதைப்போல் விசையையும் அசைவையும் கட்டுப்படுத்தும் செயற்கை வாய்ச் சூழலை அமைத்தனர். இயற்கைப் பல்லே எதிர்ப்பல்லாகப் பயன்பட்டது.

ஆம்ஸ்டர்டாம்: டி கே, டேவிட்சன் முதலியோர் உருவாக்கிய இயந்திரத்தில் இரண்டு சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுழலும். ஒரு சக்கரத்தின் விளிம்பில் சோதனைப் பொருள் இருக்கும். இரண்டுக்கும் இடையே அரிசியும் சிறுதானிய உமியும் கலந்த கூழ் உணவாக நிற்கும்.

அலபாமா: லைன்ஃபெல்டரின் இயந்திரம் அக்ரிலிக் மணிகள் கலந்த கூழின்மேல் உலக்கை ஒன்றை அழுத்திச் சற்றே திருகும். 4 லட்சம் முறை இது நடக்கும்.

ஓரிகன்: 1996இல் காண்டன், ஃபெராகேன் இருவரும் அறிமுகப்படுத்திய இயந்திரத்தில் கசகசாவும் அக்ரிலிக் மணிகளும் கலந்த கூழ் பயன்பட்டது. உணவால் வரும் தேய்மானத்தையும் எதிர்ப்பல் நேரடியாகப் படுவதால் வரும் தேய்மானத்தையும் ஒரே மாதிரியில் தனித்தனியே அளக்க முடிந்தது.

சூரிச்: இங்குள்ள இயந்திரம் 49 நியூட்டன் விசையில், நொடிக்கு 1.7 முறை வீதம் 12 லட்சம் முறை கடிக்கும். இடையிடையே 5 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை 3,000 முறை குளிரும் சூடும் மாறிமாறித் தாக்கும். இது வாயில் ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்கு இணை என்று கொள்ளப்பட்டது. இடைவிடாமல் ஓடினால் கடிக்கும் வேலை எட்டு நாள்களில் முடிந்துவிடும்.

இந்த இயந்திரங்கள் பொருளை மேம்படுத்த உதவின. துகள்கள் சிறுத்தால் அவற்றுக்கிடையே உள்ள பிசின் வெளி குறையும், உணவு அந்த இடுக்கில் நுழைந்து அரிக்க முடியாது என்ற கருத்து வலுப்பெற்றது. பெரிய குவார்ட்சுத் துகள்களின் இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கண்ணாடித் துகள்கள் பிடித்தன. ஆண்டுக்கு ஆண்டு கண்ணுக்குத் தெரியத் தேய்ந்த காலம் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது.

ஆனால் இயந்திரங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 2001இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. வழிகாட்டி தேய்மானத்தை அளக்க எட்டு வெவ்வேறு முறைகளை விவரித்தது. அவற்றுள் ஒன்றையே பொதுமுறையாக அது விதிக்கவில்லை. 2005இல் ஹைன்ட்சே தலைமையிலான குழு பத்துப் பொருள்களை ஐந்து வகை இயந்திரங்களில் ஓட்டி ஒப்பிட்டது. பொருள்களின் தரவரிசை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறியது. ஓர் இயந்திரத்தில் முந்திய பொருள் இன்னொன்றில் பிந்தியது. ஒரு கருவி உரசலைக் கேட்கிறது, மற்றொன்று மோதலைக் கேட்கிறது. கேள்வி வேறு என்பதால் விடையும் வேறாயிற்று.

ஒளி, ஆழம், சுருக்கம்

1970களில் இரு பசைகளைக் கலந்து இறுகவைக்கும் முறைக்கு மாற்றாக ஒளியால் இறுகும் பிசின்கள் வந்தன. முதலில் புற ஊதாக் கதிர், அப்பத்தாண்டின் இறுதியில் நீல ஒளி. பசையைக் கலக்கும்போது சேரும் காற்றுக்குமிழிகள் குறைந்தன, மருத்துவருக்கு வடிவமைக்க நேரம் கிடைத்தது. ஆனால் புதிய கேள்வி ஒன்று பிறந்தது: ஒளி எவ்வளவு ஆழம் போகும்? கடைவாய்ப் பல்லின் குழி ஆழமானது. மேலே கல்லாக இறுகிய அடைப்பின் அடியில் இறுகாத பிசின் இருந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

பிசின் அடிப்படையிலான அடைப்புப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 4049 என்னும் பன்னாட்டுத் தரம் 1978இல் முதலில் வெளிவந்து பலமுறை திருத்தப்பட்டது. இறுகும் ஆழத்தை அது அளக்கும் விதம் எளிமையானது. உருளை அச்சில் பசையை நிரப்பி ஒரு பக்கத்திலிருந்து ஒளி பாய்ச்சுவர். பின்னர் மறுபக்கத்தில் மென்மையாக இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எஞ்சிய நீளத்தில் பாதியை இறுகிய ஆழமாகக் கொள்வர். பாதியாக்குவதற்குக் காரணம், சுரண்ட வராத பகுதி எல்லாம் முழுமையாக இறுகியதாகாது என்பதே. வளைவு வலிமைக்கு 2 மி.மீ. சதுரமும் 25 மி.மீ. நீளமும் உள்ள கம்பியை 37 டிகிரி வெப்ப நீரில் ஒரு நாள் வைத்திருந்து முறிப்பர். மெல்லும் பரப்புக்கான பொருள் குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும்.

2010ஐ ஒட்டி, 4 மி.மீ. தடிமனை ஒரே தடவையில் அடைக்கலாம் என்று சொல்லும் பொருள்கள் பெருகின. அவற்றைப் படிப்படியாகக் கடினத்தன்மை அளந்து பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று, சுரண்டல் முறை ஆழத்தை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்றது. பழைய பொருளுக்காக வகுத்த சோதனையைப் புதிய பொருளுக்கு அப்படியே பொருத்தினால் வரும் சிக்கல் இது.

சுருக்கமும் முற்றிலும் ஒழியவில்லை. இன்றைய கூட்டுப்பிசின்கள் பலவும் இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகின்றன. 1987இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபைல்சர், டி கே, டேவிட்சன் ஆகியோர் குழியின் வடிவமும் முக்கியம் என்று காட்டினர். ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் கூடக்கூடச் சுருக்கத்தின் இழுவிசை கூடும். கனசதுரக் குழியில் ஐந்து பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் திறந்தும் இருப்பதால் விகிதம் ஐந்து. கடைவாய்ப் பல்லின் குழிகள் பெரும்பாலும் இந்த வகையை நெருங்குபவை.

தேய்மானத்துக்குப் பிறகு

தேய்மானம் குறைந்ததும் அடைப்புகள் கெடுவதற்கான மற்றக் காரணங்கள் முன்னுக்கு வந்தன. அவை அடைப்பின் ஓரத்தில் மீண்டும் விழும் சொத்தையும், அடைப்போ பல்லோ உடைவதும். லிஸ்பனில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ஏழு ஆண்டு முடிவில் இரசக்கலவை அடைப்புகளில் 94.4 விழுக்காடும் கூட்டுப்பிசின் அடைப்புகளில் 85.5 விழுக்காடும் நிலைத்திருந்தன. ஓரச் சொத்தை விழும் ஆபத்து கூட்டுப்பிசினில் 3.5 மடங்கு அதிகம்.

2014இல் பல ஆய்வுகளின் தரவைத் திரட்டிப் பார்த்த ஒப்தாம் குழுவினர், கடைவாய்க் கூட்டுப்பிசின் அடைப்புகள் ஐந்தாண்டில் ஆண்டுக்குச் சராசரி 1.8 விழுக்காடும், பத்தாண்டில் ஆண்டுக்கு 2.4 விழுக்காடும் கெடுவதாகக் கணக்கிட்டனர். அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. சொத்தை எளிதில் விழும் வாய்களில் பத்தாண்டுக் கணக்கில் ஆண்டுக்கு 4.6 விழுக்காடும், அந்த ஆபத்து குறைந்த வாய்களில் 1.6 விழுக்காடும் கெட்டன. ஒரே வகைப் பொருள் யாருடைய வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் ஆயுள் இத்தனை மாறுகிறது. எந்தக் கம்பியை முறித்தும் இந்த வேறுபாட்டைக் கண்டறிய முடியாது.

சாயத்தில் ஊறவைத்து ஓரக் கசிவைப் பார்க்கும் சோதனை பல்லாண்டுகளாக மாணவர் ஆய்வுகளில் பெருவழக்காக உள்ளது. அதன் முடிவுக்கும் வாயில் நடப்பதற்கும் போதிய தொடர்பு இல்லை என்று 2007இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. இதனால் ஆய்வகங்கள் இப்போது உயிரியல் பக்கம் திரும்பியுள்ளன. உமிழ்நீர் நொதிகளும் சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் நுண்ணுயிரியும் பிசினின் எஸ்டர் பிணைப்புகளைச் சிதைக்க முடியும் என்பதை டொராண்டோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நுண்ணுயிர்ப் படலத்தை வளர்த்து அதன்கீழ் அடைப்பின் ஓரத்தைச் சோதிக்கும் முறைகளும் உருவாகியுள்ளன.

இன்றைய நிலை

2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் இரசக்கலவை அடைப்பை, மருத்துவத் தேவை உள்ள சில நேர்வுகள் தவிர, நிறுத்திவிட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை மாறி, பல இடங்களில் கூட்டுப்பிசினே முதன்மைப் பொருளாகிறது. மாற்றுப் பொருள் குறைவதால் சோதனைகளின் பொறுப்பு கூடுகிறது.

ஆய்வக எண்ணைப் படிக்கும் மாணவர் மூன்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்தச் சோதனை வாயில் நடக்கும் எந்த நிகழ்வைப் போன்றது? இதில் தேறிய, தோற்ற பொருள்கள் நோயாளிகளிடம் எப்படி நடந்துகொண்டன? எவ்வளவு காலம் கவனிக்கப்பட்டன? மோசமான பொருளை நோயாளியிடம் போகுமுன்பே விலக்கிவைப்பதில் ஆய்வகம் இன்று திறமை பெற்றுவிட்டது. தேறிய பொருள்களில் எது இருபது ஆண்டு நிலைக்கும் என்பதை இன்னும் மெல்லும் பற்களே முடிவு செய்கின்றன.